துடைக்காத மேஜை

அவன் பயந்தாங்கொள்ளி என்பது அவனைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவனே அதை மறைத்ததில்லை. இவ்வளவு பயந்தவன் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு எப்படி வந்தான் என்று கேட்டால், "பயமே இல்லாதவன் ரிப்பேர் பண்ண லிஃப்ட்ல நீங்க ஏறுவீங்களா?" என்று திருப்பிக் கேட்பான். பிரேக்கைச் சோதித்து, எண்ணெய் விட்டு, மொட்டைமாடி இயந்திர அறையைப் பூட்டிவிட்டு வாசல் வரைக்கும் வந்திருப்பான். வண்டியில் சாவியைப் போடும்போது மனசு கேட்காது. திரும்ப மேலே போய்ப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான். உடன் வேலை பார்ப்பவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடுவார்கள்.

அவன் குடும்பத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் அவன்தான். அப்பா மூட்டை தூக்கினவர். எதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வழியில்லாததால்தான் தங்கள் வீட்டில் அத்தனை அடியும் விழுந்தது என்று சின்ன வயதிலேயே அவனுக்கு ஓர் எண்ணம். ஆகவே படித்தான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விடமாட்டான். படிக்கப் படிக்கப் பயப்படுவதற்கான காரணங்கள்தான் கூடின. படிப்பு பயத்தைப் போக்குகிறதா, இல்லை பயத்துக்குப் பெயர் மட்டும் வைத்துக் கொடுக்கிறதா என்று அவன் பலமுறை யோசித்திருக்கிறான்.

மகள் பிறந்ததும் நிலைமை முற்றிவிட்டது. மேஜை முனைக்கெல்லாம் ஸ்பாஞ்ச் சுற்றினான். ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி அடித்தான். திராட்சையை நாலாக நறுக்கிய பிறகுதான் குழந்தை கையில் கொடுப்பான். மனைவி சிரிப்பாள். "இந்த வீட்ல ஸ்பாஞ்ச் சுத்தாம விட்டது என்னை மட்டுந்தான். இடுப்பளவு எடுத்துக்கங்க, அதையும் முடிச்சிடலாம்."

அவள் அவனுக்கு நேர்மாறு. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியாதவர்களின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வரும்போதும் கொட்டாவி விடக்கூடியவள்.

அந்த வீட்டில் அவன் பயப்படாத இடம் ஒன்று இருந்தது. பின்பக்கத்துச் சின்ன அறை. அங்கே ஒரு பெரிய பலகை மேஜைமேல் அவனுடைய ரயில் ஓடியது. விரல் தடிமன் தண்டவாளம், தீப்பெட்டி அளவு ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் நகத்தளவு மனிதர்கள். ரயில் வளைவில் கவிழும். எடுத்து நிமிர்த்தி, தூசியை ஊதிவிட்டு, மறுபடி ஓட விடுவான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. வாரம் முழுக்க ஊரார் உயிரைக் கம்பிக்கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அந்த ஒரு சௌகரியம் போதும். அந்த அறைக்குள் நுழைந்தால் அவன் தோள் இரண்டும் இறங்கிவிடும் என்று மனைவி சொல்வாள்.

அவனைப்போலவே வீட்டுக்குள் ரயில் விடுகிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர், பள்ளிக்கூட டீச்சர், பல் டாக்டர், வேலையில்லாத ஒருவர் என்று பலவகை ஆட்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் அந்த வாரம் செய்ததைப் படம் பிடித்துப் போட வேண்டும். அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. செய்த பொருளின் படத்தோடு, வேலை பார்த்த மேஜையையும் துடைக்காமல், ஒதுக்காமல், கிடந்தபடியே படமெடுத்துப் போட வேண்டும். வேலைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முடிந்த பொருளைவிட அலங்கோலமான மேஜையில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. எந்தப் பசை, எந்த அரம், எதை எப்படி உடைத்துத் தொலைத்தான் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடுமே.

குழுவில் அவனுக்கு 'ரெட் சிக்னல்' என்று பட்டப்பெயர். யார் எதைப் போட்டாலும் அவன் ஓர் எச்சரிக்கை போடுவான். ஈயம் உருக்கினால் ஜன்னலைத் திற, பசையை மூக்கருகே வைக்காதே, இப்படி. அவனுக்கு நேர் எதிரில் 'பூதக்கண்ணாடி' என்று ஒருவர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதே வேலைதான். "உங்க ஸ்டேஷன் கடிகாரத்துல காலை மணி பத்து, ஆனா நிழலு சாயங்காலத்து நிழலா விழுது" என்பார். "உங்க பிளாட்பாரத்துல நிக்கிற அம்மாவுக்கு வலது கையில ஆறு விரல்" என்பார். படம் போட்ட கையோடு நாலு பேர் அவரைத் திட்டிக்கொண்டே பிசகைச் சரிசெய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு சரக்குப் பெட்டியை முடித்தான். பல வாரத்து வேலை. கூரையில் வரிசையாக இருக்கும் ஆணித்தலைகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் பதித்திருந்தான். பெட்டிகளைக் கோக்க அவன் கொக்கி வைப்பதில்லை. பெட்டியின் இரு முனையிலும் ஒரு பொட்டுக் காந்தம் ஒட்டிவிடுவான். உடைத்த பருப்பளவுதான் இருக்கும், ஆனால் பலம் பொல்லாத பலம். பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று தாவிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காந்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டித் தூண்போல இரும்பு ஸ்கேலின்மேல் நின்றன.

வேலைக்கு முந்தைய மேஜைப் படத்தை எடுத்தான். காந்தத்தை ஒட்டினான், பெட்டிக்குக் கூரையைப் பசை போட்டு மூடினான், மேஜையைப் பிந்தைய படம் எடுக்கப் போனான். அப்போது மகள் அறைக்குள் வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தான். பால்கனியில் அந்த நேரத்துக்கு வெயில் சாய்வாக விழும். பெட்டியின் ஆணித்தலை ஒவ்வொன்றும் நிழலோடு தெரிய வேண்டுமென்றால் அந்த வெயில்தான் வேண்டும். அறையிலிருந்து இரண்டு எட்டு. கதவு திறந்துதான் இருந்தது. பால்கனித் தரையில் ஒரு தண்டவாளத் துண்டை வைத்து, பெட்டியை நிறுத்தி, குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோடு ஒட்டினான். நகத்தளவு மனிதன் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி எடுப்பதுதான் அவர்கள் வழக்கம். மேகம் ஒன்று குறுக்கே வந்தது. காத்திருந்தான். வெயில் வந்தது. எடுத்தான்.

திரும்பி வந்தபோது மகள் நாற்காலிமேல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்து நாக்கை நீட்டினாள். அவனும் நாக்கை நீட்டினான். பிந்தைய மேஜைப் படத்தை அப்போதுதான் எடுத்தான். எல்லாவற்றையும் குழுவில் போட்டுவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன. பேக்கரிக்காரர், "கூரையைப் பார்த்தா ஏறி உக்காரணும்போல இருக்கு" என்று எழுதியிருந்தார். வழக்கம்போலப் பூதக்கண்ணாடியும் வந்தார்.

"சிக்னல் சார், ஒரு சந்தேகம். முதல் படத்துல ஸ்கேல் மேல எட்டு காந்தம். ரெண்டாவதுல நாலு. பெட்டியில ஒட்டினது ரெண்டு. பாக்கி ரெண்டு எங்க போச்சு? பூதம் தின்னுடுச்சா?"

கூடவே இரண்டு படத்தையும் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.

அவன் கையிலிருந்த டீ டம்ளரை வைத்தான். வைத்த இடம் அடுப்பின் விளிம்பு. அது சாய்ந்து கொட்டியதைக்கூட அவன் பார்க்கவில்லை. அறைக்குப் போய் ஸ்கேலைப் பார்த்தான். நாலுதான். தரையில் முழங்காலிட்டான். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியில் காந்தத்தை ஒட்டி, தரையைப் பெருக்குவதுபோலத் தடவிக்கொண்டே போனான். ஒரு குண்டூசி வந்தது. இரும்புத் தூள் வந்தது. நாற்காலிக்கு அடியில், மேஜைக்காலைச் சுற்றி, கதவிடுக்கில், மகளின் சட்டை மடிப்பில். வேறு எதுவும் வரவில்லை.

அவனுக்கு எல்லாம் தெரியும். அதுதான் கொடுமை. போன வருஷம் குழுவில் அந்த எச்சரிக்கையைப் போட்டவனே அவன். குழந்தை ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். இரண்டு விழுங்கினால் வேறு கதை. குடலின் ஒரு மடிப்பில் ஒன்றும் அடுத்த மடிப்பில் இன்னொன்றும் போய் நின்றுகொண்டு, நடுவில் குடலை வைத்து ஒன்றையொன்று இழுக்கும். இழுத்து இழுத்து ஓட்டை போடும். வெளியே குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும். அவன் எழுதியதில் இந்தக் கடைசி வரிக்குத்தான் நிறையப் பேர் கைகூப்பிப் பதில் போட்டிருந்தார்கள்.

இப்போது மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுறீங்க?" மனைவி வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு... ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவுக்கா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

அவன் மறுபடி குனிந்தான். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும், சொல்லாதவரைக்கும் இன்னும் ஏதோ ஒரு மூலையில் அந்த இரண்டும் கிடக்க வாய்ப்பிருக்கிறது என்று அவன் மனசு ஒரு கணக்குப் போட்டது. வாழ்க்கையில் ஒருமுறைகூட எச்சரிக்கையை அடக்கி வைத்திராத மனிதன் அப்போது வாயைத் திறக்காமல் மேஜைக்காலைத் தடவிக்கொண்டிருந்தான். பயம் அதிகமானால் ஆள் கத்துவான் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஊமையாவான் என்று எந்தத் தாளிலும் போட்டிருக்கவில்லை.

"என்னங்க. என்னைப் பாருங்க."

பார்த்தான். சொன்னான்.

அவள் கத்தவில்லை. போய்க் குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியின் சாவியை எடுத்தாள். எதிர் வீட்டு அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "அடுப்புல எதுவும் இருக்கான்னு பார்த்துக்கங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

வண்டியின் பின்சீட் முழுக்கப் பயிற்சிக்கான பிளாஸ்டிக் கூம்புகளும் எல் போர்டும் கிடந்தன. அவன் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு முன்னால், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். கற்றுக்கொடுக்கிறவருக்கென்று அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. முதல் திருப்பத்திலேயே வண்டி குலுங்கி நின்றது.

"காலை எடுங்க!"

"பஸ் வருது!"

"பஸ் அவன் பாட்டுக்கு வருவான். காலை மடக்கி வைங்க, இல்லேன்னா இறக்கி விட்டுடுவேன்."

காலை மடக்கி வைத்தான். அடுத்த சிக்னலில் அது தானாக நீண்டது. வண்டி மறுபடி குலுங்கியது. அவள் இடது கையை நீட்டி அவன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கியர் மாற்றும்போது மட்டும் எடுத்து, மறுபடி பிடித்துக்கொண்டு ஓட்டினாள். அந்தக் கை நடுங்குவதை அவன் அப்போதுதான் கண்டான். அதுவரை பாதி பயந்திருந்தவன் முழுக்கப் பயந்துபோனான்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அவசரப் பிரிவு. எக்ஸ்ரே எடுக்கும்போது மகள் நெளிந்து அழுததில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதில் தெரிந்தது. வயிற்றுப் பகுதியில், விலா எலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டு.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை?"

"ஒண்ணுதானே தெரியுது?" என்றாள் மனைவி.

"ரெண்டு ஒட்டிக்கிட்டிருந்தாலும் இந்த அளவுல ஒண்ணாத்தான் தெரியும். இந்தப் படத்துலயும் குழந்தை ஆடினதால ஓரம் தெளிவா இல்லை. ஒண்ணுதான்னா நான் கை வைக்க மாட்டேன், காத்திருந்து பார்ப்போம். ரெண்டுன்னா இன்னும் இரைப்பையில இருக்கும்போதே வாய் வழியா குழாய் விட்டு எடுத்தாகணும். குடலுக்கு இறங்கிட்டா வயித்தைத் திறக்க வேண்டியிருக்கும்."

"அப்ப எடுத்துடுங்க டாக்டர். எத்தனையா இருந்தா என்ன?"

"முழு மயக்கம் கொடுக்கணும்மா. போன வாரந்தான் சளி இருந்துச்சுன்னு சொல்றீங்க, நெஞ்சுல இன்னும் கரகரன்னு கேக்குது. தேவையில்லாம அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை." டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். "சார், உங்க கையால வெச்ச பொருள். எத்தனை போயிருக்கும்?"

அவன் வாயைத் திறந்தான். ரெண்டு காணோம் என்றான். ஆனால் ஒன்று வேறு இடத்தில் இருக்கலாம் என்றான். அவன் வேலை செய்யும்போது ஒரு பழக்கம். பெட்டி இலேசாக இருந்தால் தடம் புரளும் என்று உள்ளே ஓர் இரும்புத் தகடு பாரத்துக்கு வைப்பான். பசை காய்கிறவரைக்கும் அடுத்து ஒட்டவேண்டிய காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்காமல், திறந்த பெட்டிக்குள் அந்தத் தகட்டின்மேல் ஒட்டவைத்துவிடுவான். வேண்டும்போது எடுத்துக்கொள்வான். இன்று அப்படி ஒன்றை வைத்தானா? வைத்தான் என்றுதான் நினைவு. வைத்ததை எடுத்தானா? அது தெரியவில்லை. அதன்மேல்தான் கூரையை ஒட்டி மூடியிருக்கிறான்.

"வெளியில இருந்து பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாதா?"

"முடியாது டாக்டர். உள்ளே இரும்பு இருக்கு. வெளியே காந்தம் காட்டினாலும் எப்படியும் இழுக்கும். தொறந்துதான் பார்க்கணும்."

"அப்ப தொறந்து பார்க்கச் சொல்லுங்க. மயக்க டாக்டர் வந்துக்கிட்டிருக்கார். அதுக்குள்ள சொல்லுங்க."

எதிர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கதவைத் தட்டினால்தான் அவர் வருவார், போனை எங்கே வைத்தோம் என்று தேடுகிற ரகம். அவன் குழுவைத் திறந்தான். விரல் எழுத்தைப் பிடிக்கவில்லை. பிழையும் தப்புமாக, குழந்தை காந்தத்தை விழுங்கிவிட்டாள், அந்தச் சரக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், என் வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று முகவரியோடு போட்டான்.

முதல் பதில் பூதக்கண்ணாடியிடமிருந்து. அவர் எழுதவில்லை, கூப்பிட்டார்.

"நான் ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கந்தான் சார் இருக்கேன். கிளம்பிட்டேன்." மூச்சு வாங்கியது. பின்னால் வண்டிச் சத்தம். "சார், நான் விளையாட்டாத்தான் எழுதினேன். பூதம் தின்னுச்சான்னு... அது சும்மா..."

"தெரியும் சார். எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்க, சாவி அந்த அக்காகிட்ட இருக்கு."

காத்திருந்த நேரத்தில் மகள் அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து விளையாடினாள். அவன் அதைப் பிடுங்கி, மூடியைக் கழற்றித் தூர வைத்து, மூடியில்லாத பேனாவைக் கொடுத்து, அதன் முனை கூர் என்று அதையும் பிடுங்கினான். அவள் அழுதாள். மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு, "இப்ப பயப்படறதெல்லாம் எதுக்குங்க?" என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

அவனுக்கும் அதே கேள்விதான். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பயமெல்லாம் அந்தச் சாய்வு வெயில் விழுந்த நேரத்தில் எங்கே போயிற்று? அந்த அறையில் மட்டும் பயப்பட வேண்டாம் என்று அவனே முடிவு செய்து வைத்திருந்தான். யாரையும் கேட்டுச் செய்த முடிவில்லை. கவிழ்ந்த ரயிலை நிமிர்த்தி நிமிர்த்தி, அங்கே எதுவும் யாருக்கும் ஆகாது என்று கை நம்பிவிட்டது. காந்தத்துக்கு அது விளையாட்டு அறை என்று தெரியுமா என்ன?

போன் அடித்தது. வீடியோ. திரையில் அவனுடைய அறையும் அவனுடைய மேஜையும் தெரிந்தன. பக்கத்தில் எதிர் வீட்டு அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். போனை அவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு எதிரே வந்த மனிதர் வழுக்கையும் தடித்த கண்ணாடியுமாக இருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு வருஷம் சண்டை போட்ட மனிதரின் முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சார், பெட்டி கையில இருக்கு. எங்க கத்தி வைக்கட்டும்?"

"கூரைக்கும் சுவருக்கும் நடுவுல. இடுக்கு தெரியும்."

"தெரியலை சார். இடுக்கே தெரியாம ஒட்டியிருக்கீங்க." அவர் பெட்டியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். வெயிலில் எடுத்த படத்தில் பார்த்த ஆணித்தலைகளை இப்போது நேரில் பார்த்திருப்பார். அரை நொடி அவர் கை நின்றது. "அழகான வேலை சார் இது..."

"உடைங்க."

"சுத்தி எடுத்துக்கட்டுமா? உள்ளே இருக்கிறது தெறிச்சுப் போயிட்டா?"

"தெறிக்காது. இருந்தா இரும்புல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். இடுக்கியால நசுக்குங்க. சீக்கிரம்."

பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம் போனில் கேட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவனுக்கு இரு பக்கமும் மனைவியும் டாக்டரும் குனிந்து பார்த்தார்கள். கூரை இரண்டாகப் பிளந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் தகடு. அவ்வளவு வருஷத்தில் எதற்கும் வேண்டிக்கொள்ளாதவன் அப்போது வேண்டிக்கொண்டான். இருக்கட்டும். ஒன்று இருக்கட்டும். அங்கே இருக்கட்டும்.

"ஒண்ணும் இல்லை சார்."

"தகட்டை எடுங்க. அடியில."

தகட்டைப் பெயர்த்தார். திருப்பினார். விரலால் தடவினார். பெட்டியைத் தலைகீழாக உள்ளங்கையில் தட்டினார். கண்ணாடியைக் கழற்றி அதையே பூதக்கண்ணாடிபோலப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் எத்தனையோ பேருடைய பிசகைக் கண்டுபிடித்த கண், இப்போது ஒரே ஒரு காந்தத்தைக் கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று தவித்தது.

"இல்லை சார்." நொறுங்கின பெட்டியைக் கீழே வைத்தார். "நான் தப்பா எண்ணியிருப்பேனோ என்னமோ. முதல் படத்துல ஏழுதான் இருந்துச்சோ என்னமோ. நீங்க இன்னொரு தடவை..."

"இல்ல சார். நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

டாக்டர் அதற்குள் எழுந்துவிட்டார். "ரெண்டுன்னுதான் எடுத்துக்கறோம்" என்றார். மனைவியின் தோளிலிருந்து குழந்தையை ஒரு நர்ஸ் வாங்கினாள். குழந்தை நர்ஸின் காதுக் கம்மலைப் பிடிக்கப் போய், கதவுக்குள் மறைகிறவரை அதிலேயே கவனமாக இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவு மூடியது. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். நடைபாதையின் கோடியில் ஆஸ்பத்திரி லிஃப்ட் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தது. கதவு மூடும்போது ஒரு இழுவைச் சத்தம். உருளை தேய்ந்திருக்கிறது என்று அவன் காது சொன்னது. காதை அடைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"நடுவுல மாட்டிக்கிட்டு அலறுறவங்ககிட்ட நான் என்ன சொல்வேன் தெரியுமா?" என்றான் திடீரென்று. "கயிறு அத்தனையும் அறுந்தாலும் லிஃப்ட் விழாது, பக்கத்துல பிடிப்பான் இருக்கு, அது கடிச்சு நிறுத்திடும், பயப்படாதீங்கன்னு கத்துவேன். உடனே அமைதியாயிடுவாங்க."

"நெசமாவே விழாதா?"

"விழாது."

"அப்ப எனக்கும் அப்படி ஏதாச்சும் சொல்லுங்க."

அவன் யோசித்தான். குழாயைப் பற்றி, மயக்க மருந்தைப் பற்றி, குழந்தையின் சளியைப் பற்றித் தான் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு வரிகூட அவளிடம் சொல்லும்படியாக இல்லை.

"தெரியல" என்றான்.

அவள் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கண்ணை மூடினாலும் அது தெரிந்தது. உள்ளே ஏதோ இரும்புச் சாமான் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவள் நகம் அவன் கையில் பதிந்தது. யாரோ ஓடினார்கள். ஓடியவர் வேறு அறைக்குப் போனார். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து வெளியே வந்தாள். இவர்களைப் பார்க்காமல் நடந்தாள். ஏன் பார்க்கவில்லை என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான். பார்க்காததற்கு எத்தனை காரணம் இருக்க முடியும் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசிக் காரணத்தை நினைக்காமல் நிறுத்திக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. டாக்டர் வந்தார். கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா.

"ரெண்டு" என்றார். "முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நடுவுல சதை ஒண்ணும் மாட்டலை. இரைப்பையைவிட்டு இறங்கியிருந்தா இந்தப் பேச்சு வேற மாதிரி இருந்திருக்கும். குழந்தை நல்லா இருக்கா. சளியினால ராத்திரி இங்கயே வெச்சுப் பார்ப்போம்."

மனைவி உட்கார்ந்தபடியே முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டாள். அன்று முழுக்க அழாதவள் அப்போது அழுதாள்.

அவன் எழுந்து நின்றான். "டாக்டர், மூணாவது ஒண்ணு இருக்குமோ?"

"நீங்க ரெண்டுன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இருந்தாலும்..."

"மறுபடி எக்ஸ்ரே எடுத்தாச்சு சார். சுத்தமா இருக்கு." டாக்டர் அவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு யாராச்சும் தண்ணி கொடுத்தாங்களா?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிதான் மூக்கை உறிஞ்சியபடி எடுத்தாள். அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி இன்னும் அவர்கள் வீட்டுத் தரையில்தான் இருந்தார். மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தாராம். எதிர் வீட்டு அக்காவும் துடைப்பத்தோடு கூடவே இருந்தாராம்.

"அண்ணே, எழுந்திருங்க. ரெண்டும் இங்க கிடைச்சிடுச்சு. பாப்பா நல்லாயிருக்கா."

மறுமுனையில் டார்ச்சை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டுதானே? எண்ணிட்டீங்கதானே?" என்றார்.

"எண்ணிட்டோம்ண்ணே. சட்டைப் பொத்தானைச் சரியாப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. ரோட்டுல பார்த்துப் போங்க."

மகளைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் உப்பியிருந்தது. கண் பாதி திறந்தது. அழ முயன்றாள், தொண்டை கரகரத்துச் சத்தம் வரவில்லை. நர்ஸ் அவனைப் பார்த்து, "தூக்கிக்கலாம் சார், இந்தக் குழாயை மட்டும் இழுத்துடாதீங்க" என்றாள். அவன் கையை நீட்டி, பின்னுக்கு இழுத்துக்கொண்டான். இந்தக் கைதான் அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது.

"தூக்குங்க" என்றாள் மனைவி. "நான் கூடவே பிடிச்சுக்கறேன்."

தூக்கினான். ஒரு குடம் தண்ணீரைத் தளும்பாமல் தூக்குவதுபோலத் தூக்கி, கன்னத்தோடு சேர்த்துக்கொண்டான். அவள் மூச்சு மருந்து வாடையோடு அவன் கழுத்தில் பட்டது. அவளுடைய இமை, மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். வாயின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஆள்காட்டி விரலை உதட்டுக்கு நடுவே விட்டுத் தடவிப் பார்த்தான். பசைபோட்ட பிளாஸ்திரியின் துணுக்கு. அதை எடுத்தான். மனசு கேட்காமல் மறுபடி விரலை விட்டு, கன்னத்தின் உட்புறமும் நாக்கின் அடியுமாகத் துழாவினான்.

மகள் கண்ணை நன்றாகத் திறந்து அவனைப் பார்த்தாள். இருக்கிற ஏழெட்டுப் பல்லையும் சேர்த்து, விரலை நறுக்கென்று கடித்தாள்.

வலி உச்சிக்கு ஏறியது. "ஐயோ, எடுங்க விரலை!" என்றாள் மனைவி.

அவன் எடுக்கவில்லை.